பூட்டுண்ட குரல்

தில்லைத் திருக்கோயிலிலே பொன்னம்பலத்தின் பின்புறத்து ஓர் அறையில் தேவார ஏடுகள் அடைபட்டுக் கிடந்ததும், அவ்வறையை மூவருடைய கையிலச்சினை காத்து நின்றதும், பாடிய மூவரும் வந்தாலன்றித் திறவோம் எனத் தில்லைவாழந்தணர் உரைத்ததும், அபயகுலசேகர மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளுவித்துக் கதவம் திறப்பித்ததும் திருமுறைகண்ட புராணத்தால் நாம் அறிவன. காவிரிக்கரைத் திருமடமொன்றில் மாணவனாய் அமர்ந்து அதனைப் பாடங்கேட்ட நாளில், அஃது எங்கோ பண்டொருகால் நிகழ்ந்த வரலாறாகவே எனக்குத் தோன்றிற்று. அறுபதாண்டு கடந்த பின்னர், அதனை ஒருபுடை ஒப்பதொன்று என் சிறு வாழ்விலும் நேர்ந்தது. அடைபட்டது ஏடன்று, குரல். அடைத்தவன், ஒருவகையால், யானே. என் பிழை பிறர்க்கு எச்சரிக்கையாதல் கருதி அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

யான் செங்கற்பட்டில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். பணியேற்ற புதிதில், திருக்கழுக்குன்றத்தில் வாழ்ந்த முதிய ஓதுவார் ஒருவரை அடுத்துப் பண்முறை பயின்றேன். மடத்திலே இலக்கணமும் சாத்திரமும் கற்றிருந்த எனக்குப் பாட்டின் பொருள் தெரியும், பாட்டுத் தெரியாது என்பதை உணர்த்தியவர் அவரே. திருஞானசம்பந்தப் பெருமானுடைய திருக்கழுக்குன்றப் பதிகமும், செங்கற்பட்டை அடுத்துள்ள திருவிடைச்சுரப் பதிகமும் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தவை. குறிஞ்சியை இக்காலத்து ஓதுவார் அரிகாம்போதி இராகத்தில் ஓதுவர். இராகம் ஒன்றேயாயினும், எச்சொல்லில் நிற்பது, எவ்வடியை இரட்டிப்பது, மூச்சை எங்கே மறைப்பது என்பன ஏட்டில் எழுதப்படுவன அல்ல. அவை ஆசிரியர் மிடற்றிலிருந்து மாணாக்கன் செவிக்கு வருவன.

2006-ஆம் ஆண்டு மார்கழியில் ஐயா அவர்களுக்கு அகவை எண்பதாயிற்று. குரல் தளரத் தொடங்கிற்று. அஞ்சிய யான், உள்ளங்கையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவியொன்றை வாங்கி, ஞாயிறுதோறும் அவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து, அவர் ஓதுவனவற்றையெல்லாம் பதிந்தேன். பதிந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுதற்குரிய மென்பொருளைக் கருவியுடனேயே தந்திருந்தனர். மாற்றியபின், சிக்கனம் கருதி, கருவியில் உள்ளதை அழித்து மீண்டும் அதிலேயே பதிவேன். இங்ஙனம் 31 மணி நேர ஒலி சேர்ந்தது. அம்மென்பொருளில் 'காப்பு' என்று பொருள்படும் ஒரு கட்டம் இருந்தது. அதில் முன்னமே அடையாளம் இடப்பெற்றிருந்தது. காப்பு நல்லதுதானே என்று அதனை அவ்வாறே விட்டேன். யாரிடமிருந்து யாருக்குக் காப்பு என்று அன்று வினவினேனல்லேன்.

2008-இல் ஐயா அவர்கள் சிவபதம் எய்தினார்கள். 2011-இல் யான் புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழையதிலிருந்த பதிவுகள் அனைத்தையும் அதற்கு மாற்றிக்கொண்டு, பழைய பொறியை மாமல்லபுரத்தில் வாழும் என் தங்கையின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வாண்டு ஐயாவின் குருபூசை நாளில் அவர் குரலைக் கேட்கவேண்டிப் புதிய பொறியில் ஒரு பதிவைத் தொட்டேன். குரல் வரவில்லை. இப்பொறிக்கு இதனை ஒலிக்கும் உரிமம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றிற்று. எல்லாப் பதிவுகளும் அவ்வாறே கூறின. என் ஆசிரியர் எனக்கென ஓதியதை, என் கையாற் பதிந்ததை, யான் கேட்க எனக்கு உரிமம் இல்லையாம். பதிவுகள் பழுதாயின என்று கருதி மனம் வெதும்பி, அம்முயற்சியை அத்துடன் விட்டேன். விட்டது பன்னிரண்டு ஆண்டு.

2023-இல் ஐயாவின் பெயரன் என்னைத் தேடி வந்தான். ஓதுவார் பயிற்சி பெறும் இளைஞன். "ஐயா, திருவிடைச்சுரப் பதிகத்தைத் தாத்தா ஈற்றடியில் ஒரு தனி நிறுத்தத்தோடு ஓதுவார் என்று அப்பா சொல்கிறார். அப்பாவுக்குப் பாட வராது. தாங்கள் ஒருமுறை ஓதிக் காட்டவேண்டும்" என்றான். யான் ஓதத் தொடங்கினேன். முதற் பாட்டு வந்தது. இரண்டாம் பாட்டின் ஈற்றடியில் என் நா தடுமாறிற்று. எங்கே நிற்பார் என்பது நினைவில் இல்லை. இருபதாண்டு அவர் அருகிருந்து கேட்டவன் யான். பெட்டியில் இருக்கிறது என்னும் துணிவால் மனனத்தைக் கைவிட்டிருந்தேன் என்பது அப்போது விளங்கிற்று. அவன் ஒன்றும் சொல்லாது தலை குனிந்திருந்தான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்தருகே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் என் பழைய மாணாக்கன். அவனிடம் சென்று பதிவுகளைக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "ஐயா, இவை கெடவில்லை. பூட்டப்பட்டிருக்கின்றன" என்றான். அவன் விளக்கியதை என் சொல்லாற் கூறுவேன். குறுந்தகட்டின் தரத்தில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று எண்வரிசை ஆக்கப்படுகின்றது. அவ்வரிசையை ஒரு மறைமுறையாற் கலைத்து வைத்துவிட்டால், திறவுகோல் இல்லார்க்கு அது வெற்றெண்களின் குவியலே. யான் படியெடுத்தது அக்குவியலை மட்டும். திறவுகோல் பழைய பொறியிலேயே, அப்பொறியின் உறுப்புக்களுக்குரிய அடையாளத்தோடு பிணைக்கப்பட்டு, தங்கிவிட்டது. வீட்டுப் பத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாவியைப் பழைய வீட்டுச் சுவரிலேயே விட்டுவந்தவன் நிலை என் நிலை.

இத்தகைய பூட்டு ஏன் உண்டாயிற்று எனின், இணையத்தின் வழியாக இசைப்பாட்டுக்களின் கள்ளப்படிகள் பரவியமையால் என்க. பாடியோர்க்கும் வெளியிட்டோர்க்கும் உரிய ஊதியம் களவு போதலைத் தடுப்பது முறையே. அமெரிக்க நாடு 1998-இலேயே இப்பூட்டுக்களை உடைப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. ஆயின், பூட்டு கள்வனையும் உடையவனையும் வேறுபடுத்தி அறியாது. 2008 ஏப்ரலில், மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் முன்னர் விற்ற பாட்டுக்களுக்கு, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்குப் பின் புதிய பொறிகளில் திறவுகோல் வழங்கப்படாது என அறிவித்தது. விலை கொடுத்து வாங்கியோர் முறையிட்டமையால் அக்காலவெல்லை 2011 வரை நீட்டிக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் ஐடியூன்ஸ் கடைப் பாட்டுக்களிலிருந்து பூட்டையே நீக்கிவிட்டது. விற்ற பாட்டுக்கே இந்நிலை என்றால், விற்பனைக்கு அல்லாது அன்பினாற் பதிந்த குரலுக்கு அப்பூட்டு எதற்கு?

பூட்டை உடைக்கும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கும் என்று கேள்வியுற்று, அது முறையாகுமா என்று மாணாக்கனை வினவினேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 2012-இல் அதனுள் சேர்க்கப்பட்ட 65ஏ என்னும் பிரிவு, பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய காப்பினைக் கடப்பவர்க்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்கின்றது. மீறும் நோக்கம் என்பதே அங்கு உயிர்ச்சொல். தேவாரம் எவர்க்கும் தனியுடைமை அன்று. எனினும் ஓதியவர்க்கு அவ்வோதலில் ஓர் உரிமை உண்டு. சட்டம் அதனை 50 ஆண்டு காக்கின்றது. ஆகலின் ஐயாவின் மகனாரிடம் சென்று இசைவு கேட்டேன். அவர், "அப்பா குரலை வீட்டுக்குக் கொண்டுவர எங்களிடம் கேட்கவேண்டுமா?" என்று கண் கலங்கினார். மாணாக்கனும், "உடைப்பானேன் ஐயா? முதலிற் பழைய பொறியைத் தேடுவோம். தன் பொறியைக் கண்டால் பூட்டுத் தானே திறக்கும்" என்றான். மூவர் வந்தால் திறப்போம் என்ற தில்லைச் சொல் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இருவரும் மாமல்லபுரம் சென்றோம். அங்கே கடற்கோயிலின் சிற்பங்களை உப்புக்காற்றுப் பன்னூறாண்டாக அரித்து, முகமும் கையும் மழுங்கச் செய்திருத்தலை யாவரும் காண்பர். கல்லுக்கே அக்கதி என்றால் தகரத்திற்கு என்ன ஆகும்? தங்கை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பெட்டியின் அடிப்புறம் தொட்ட கையில் துருவாய் உதிர்ந்தது. "அண்ணா, போன பொங்கலுக்கே பழைய இரும்புக்காரனிடம் போட இருந்தேன்" என்றாள் தங்கை. மாணாக்கன் என் மருமகனை நோக்கி, "இதில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டீர்களா?" என்று வினவினான். அங்ஙனம் செய்திருப்பின் திறவுகோலும் அழிந்திருக்கும். மருமகன் நாணத்தோடு, "போடவேண்டும் என்றுதான் இருந்தேன் மாமா, சோம்பலால் விட்டுவிட்டேன்" என்றான். சோம்பலை அறநூல்கள் கடிந்துரைக்கும். அன்று ஒருநாள் மட்டும் யான் அதனை வாழ்த்தினேன்.

மாணாக்கன் பொறியை உடனே இயக்கினானல்லன். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதிலுள்ளது அனைத்தையும் ஓரெழுத்தும் மாறாது வேறொன்றிற் படியெடுத்தான். நோயாளியை அறுக்குமுன் அவன் உயிருக்கு ஈடு வைப்பது போல்வது அது. பின்னர்த் துருவைத் துடைத்து, மின்வழங்கியை மாற்றி, சாய்போர்டில் உப்பிப்போன சிற்றுறுப்புக்கள் சிலவற்றை எடுத்துவிட்டுப் புதியன பற்றவைத்தான். ஆறு நாள் சென்றது. ஏழாம் நாள் மாலை கடைக்குச் சென்றேன். திரை விளங்கிற்று. பழைய மென்பொருள் திறந்தது. அவன் ஒரு பதிவைத் தொட்டான். முதலில் ஐயாவின் இருமல் கேட்டது. அதன்பின் குரல் எழுந்தது.

பூட்டு எங்களைக் கேட்கவிட்டதேயன்றி, படியெடுக்கவிடவில்லை. ஆகலின் அப்பொறியின் காதுக்குழல் துளையிலிருந்து ஒரு கம்பியை மற்றொரு பொறிக்கு இணைத்து, இங்கே ஒலிப்பதை அங்கே பதிந்தோம். இம்முறையில் விரைவு இல்லை. ஒரு மணி ஒலியை எடுக்க ஒரு மணியே ஆகும். மாணாக்கன் கடைவேலையைப் பார்க்க, யான் நாடோறும் மூன்று மணி நேரம் அங்கமர்ந்து காவல் இருந்தேன். இங்ஙனம், வாழ்நாளில் முதன்முறையாக, யான் பதிந்ததனை முழுவதும் கேட்டேன். பதினாறாண்டு வைத்திருந்தேன், ஒருநாளும் இருந்து கேட்டிலேன்.

பதினான்காம் மணியில் திருவிடைச்சுரம் வந்தது. ஈற்றடியில் அந்நிறுத்தமும் வந்தது. அதன் பின் யான் எதிர்பாராத ஒன்றும் வந்தது. பாட்டு முடிந்ததும் ஐயா என்னை நோக்கிக் கூறிய சொற்களும் அங்கே பதிந்திருந்தன: "பண்டிதரே, பெட்டி வந்துவிட்டது என்று பாடம் பண்ணுவதை விட்டுவிடாதீர். பெட்டி கேட்டுக்கொள்ளும், ஓதாது." அதற்கு யான் சிரித்த சிரிப்பும் உடன் கேட்டது. அச்சிரிப்பைக் கேட்க எனக்கு நாணமாய் இருந்தது. கடையில் இருந்தோர் காணாதவாறு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

31 மணியில் 27 மணி நேர ஒலி நன்கு கிடைத்தது. எஞ்சிய நான்கும் ஹார்ட் டிஸ்க்கின் பழுதால் மீளவில்லை. தில்லையிலும் கதவம் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவை எஞ்சியவையே. இக்காலத்திற்கு வேண்டுவன வைத்தோம் என்று திருவருள் உணர்த்தியதாகப் புராணம் கூறும். என் நான்கு மணிக்கு அவ்வாறு ஆறுதல் கூறிக்கொள்ள யான் துணியேன். அவை என் அசட்டையாற் போயின.

அன்பர்கள் இல்லங்களிலும் பெற்றோர், ஆசிரியர் குரல்கள் பழைய பொறிகளில் உறங்குமாயின், இன்றே அவற்றை ஒலிக்கச் செய்து பாருங்கள். ஒலியாதவற்றை அழித்துவிடாதீர்கள், பழைய பொறியை விற்றுவிடாதீர்கள், அதில் எதனையும் புதிதாக நிறுவாதீர்கள். மீட்டவற்றை வேவ் போன்ற திறந்த வடிவில், எந்நிறுவனத்தின் உரிமமும் வேண்டாத வகையில், வெவ்வேறிடங்களில் மூன்று படிகளாக வையுங்கள். உலக ஒலிக்காப்பகத்தாரும், சுருக்கப்படாத திறந்த வடிவையே பாதுகாப்பிற்கு உரியதாக வற்புறுத்துகின்றனர். பிறர் பொருளைக் காக்கும் பூட்டு இருக்கட்டும். நம் பொருளின் திறவுகோல் நம் கையில் இருத்தல் வேண்டும்.

ஆயினும் இதனோடு முடியவில்லை. தில்லையில் ஏடு கிடைத்தபின்னும் பண் கிடைத்திலது. அதனைத் தந்தவர், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியார். ஏட்டை அறை காத்தது. பண்ணை மிடறே காத்தது. சிறுவயதிற் பாடங்கேட்ட அவ்வரலாற்றின் இப்பகுதி எனக்கு இப்போதுதான் பொருள்பட்டது.

சென்ற திங்கள் ஒருநாட் காலை, ஐயாவின் பெயரனும் யானும் திருவிடைச்சுரம் சென்று பெருமான் சந்நிதியில் பதிகத்தை ஓதினோம். அவன் ஈற்றடியில் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினான். யான் இரண்டிடத்தில் தவறினேன், அவன் திருத்தினான். கையிற் பெட்டி எதனையும் நாங்கள் கொண்டுசெல்லவில்லை.

திருச்சிற்றம்பலம்.