169-ல் ஆரம்பித்தால் ஒரு நோய், 192-ல் ஆரம்பித்தால் வேறு நோய்

1. ஒரு நீண்ட இழை. கம்ப்யூட்டர் பற்றியது மாதிரி தெரியும். பாதி அதுதான். மீதி, நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கும், ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவங்களுக்கும் பயன்படும். நேரம் இருக்கும்போது படிங்க.

2. ஒரு திங்கட்கிழமை காலை. திங்கள்னா எங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் எப்படி இருக்கும்னு அரசு மருத்துவமனை பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குறவங்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காய்ச்சலைத் தாங்கிக்கிட்டவங்க, எல்லாரும் ஒண்ணா வர்ற நாள். ஓபி சீட்டு போடுற கவுண்டர் மூணு. அதில் ரெண்டு வேலை செய்யல.

3. கம்ப்யூட்டர் ஆன் ஆகுது. வயர் மாட்டியிருக்கு. ஓரத்துல பச்சை விளக்கு கூட மினுங்குது. ஆனா பதிவு செய்யுற பக்கம் மட்டும் திறக்கல. வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போயிடுச்சு.

4. கவுண்டர்ல இருந்தது ஒப்பந்தத்துல வேலை பார்க்கிற டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் தங்கச்சி. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார், எப்பவும் நம்பர் 10-ல ஆரம்பிக்கும். இன்னைக்கு 192-ல வருது சார்"னு சொன்னாங்க. ஒரு நோட்டைத் திறந்து காட்டவும் வந்தாங்க.

5. நான் அந்த நோட்டைப் பார்க்கல. "கேஷுவாலிட்டி கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது? உங்களுக்கு மட்டும் என்னம்மா? இது கூடப் பார்க்கத் தெரியாதா?"ன்னு அத்தனை பேர் முன்னாடி சத்தம் போட்டுட்டுப் போனேன். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

6. அடுத்த அரை மணி நேரத்துல வரிசையில் நின்ன ஒரு பெரியவர் சரிஞ்சு விழுந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டா பதில் இல்ல. விரல் நுனியில் குத்திப் பார்த்தா சர்க்கரை 46. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்புல ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்தார்.

7. அவர் மனைவி சொன்னாங்க: "வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னாங்க தம்பி. மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு வந்தாரு. சீட்டு போட்டுட்டா ரத்தம் குடுத்துட்டு சாப்பிடலாம்னு நின்னோம்." சீட்டு போடத்தான் முடியலையே.

8. இங்கே ஒரு நிமிஷம் டாக்டரா பேசுறேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ முன்னாடியே போட்டுக்கிட்டு வராதீங்க. மாத்திரையைக் கையில் கொண்டு வாங்க. ரத்தம் கொடுத்ததும், கூடவே டிபனும் வெச்சுக்கிட்டுப் போடுங்க. பையில் ரெண்டு பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கினா வரிசையைப் பார்க்காம முதலில் வாயில் போடுங்க. டெஸ்ட்டை நாளைக்குக் கூட எடுக்கலாம்.

9. சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். பின்னாடி கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேணும். ஐபி முகவரி என்பாங்க. அதை ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து கையால் போடாம, தானாகவே கொடுக்குற ஏற்பாட்டுக்குப் பேர் டிஹெச்சிபி. 1985-ல் வந்த பூட்பி என்ற பழைய முறையில் இருந்து வளர்ந்தது. 1997-ல் வெளியான வரையறைதான் இன்னைக்கும் அடிப்படை.

10. வார்டு கணக்கில் சொன்னா சுலபம். புது அட்மிஷன் வார்டு வாசலில் நின்னு "சிஸ்டர், பெட் இருக்கா?"ன்னு கேட்கிறார். சிஸ்டர், "12-ம் பெட் காலி." இவர், "அப்போ 12 எடுத்துக்கவா?" சிஸ்டர், "பதிஞ்சாச்சு, படுங்க." இந்த நாலு பேச்சுவார்த்தைதான் டிஹெச்சிபி. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலட்ஜ். கண் இமைக்கிற நேரத்தில் முடிஞ்சிடும்.

11. பெட் நிரந்தரம் இல்ல. இத்தனை நாள்னு கணக்கு உண்டு. அதுக்கு லீஸ்னு பேர். விண்டோஸ் சர்வரில் வழக்கமா 8 நாள். பாதிக் காலம் போனதும் கம்ப்யூட்டரே போய் "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கவா?"ன்னு கேட்டு நீட்டிச்சுக்கும். அதனால, கோளாறு நடந்த அன்னைக்கே எல்லா மெஷினிலும் தெரியணும்னு இல்ல. பழைய லீஸ் கையில் இருக்கிறவங்க நிம்மதியா ஓடிக்கிட்டு இருப்பாங்க.

12. கேஷுவாலிட்டி கம்ப்யூட்டர் ஏன் ஓடிச்சுன்னு இப்போ புரியுதா? அது ராத்திரி பகல் அணையாத மெஷின். பழைய எண்ணிலேயே இருந்துச்சு. கவுண்டர் மெஷின்கள் சனிக்கிழமை அணைச்சு, திங்கள் காலை எழுந்து புதுசா பெட் கேட்டவை. "எனக்கு நல்லாத்தானே ஓடுது"ங்கிறது எந்த ஊரிலும் ஆதாரம் ஆகாது.

13. இப்போ நோய்க்குறிகள். முதல் வகை: முகவரி 169.254-ல் ஆரம்பிக்குது. அர்த்தம், வாசலில் நின்னு கூப்பிட்டும் எந்த சிஸ்டரும் பதில் சொல்லல. கூப்பிட்டுப் பார்த்து ஓய்ஞ்ச விண்டோஸ், தானே வராந்தாவில் பாயை விரிச்சுப் படுத்துக்குது. பக்கத்துப் பாய்க்காரரோட பேசலாம். ஆனா கேஸ் ஷீட்டும் வராது, டிரிப்ஸும் வராது. இணையமும் வராது.

14. 169.254 வந்தா கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க. காய்ச்சல் எப்படி நோய் இல்லையோ, அறிகுறியோ, அதே மாதிரி இதுவும். பார்க்க வேண்டியது: வயர் ரெண்டு முனையிலும் இறுக்கமா இருக்கா? அந்த வயர் போய்ச் சேர்ற சுவிட்ச் பெட்டிக்குக் கரண்ட் இருக்கா? (தரை துடைக்க பிளக்கைப் பிடுங்கி, திரும்ப மாட்ட மறந்த கதை எங்க ஆஸ்பத்திரியிலேயே உண்டு.) பக்கத்து மெஷினுக்கும் இதேதானா? ஒண்ணுக்கு மட்டும்னா வயர் அல்லது அந்த மெஷின். எல்லாத்துக்கும்னா சுவிட்ச் அல்லது எண் கொடுக்குற சர்வர்.

15. இன்னொரு காரணம், பெட்டே காலி இல்லாமல் போறது. சாதாரணமா ஒரு சின்ன நெட்வொர்க்கில் கொடுக்கக்கூடிய எண்கள் 254. ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்தா, போன்கள் பெட்டைப் பிடிச்சுக்கும். காலையில் லேட்டா வர்ற கம்ப்யூட்டருக்கு வராந்தாதான்.

16. இரண்டாவது வகை இன்னும் மோசம். முகவரி பார்க்க ஒழுங்கா இருக்கும். ஆனா உங்க ஆபீஸ் எண் இல்ல. எங்க ஆஸ்பத்திரி எண் 10-ல் ஆரம்பிக்கும். கவுண்டரில் வந்தது 192.168.0-ல் ஆரம்பிச்சது. அதாவது சிஸ்டர் பதில் சொல்றதுக்குள்ள, வாசலில் நிக்கிற வேற யாரோ ஒருத்தர் "என்கூட வாங்க, பெட் நான் தர்றேன்"னு கூட்டிட்டுப் போயிட்டார். அவர் காட்டுற கட்டிலில் படுத்தா டாக்டர் எப்படி வருவார்?

17. இதைத்தான் அந்தத் தங்கச்சி காலையில் ஒரே வரியில் சொல்லிட்டாங்க. "எப்பவும் 10, இன்னைக்கு 192." முழு டயக்னோசிஸும் அதிலேயே இருந்துச்சு.

18. நடுவுல எங்க பார்மசிஸ்ட் அண்ணன் உதவிக்கு வந்தார். நல்ல எண்ணம்தான். கேஷுவாலிட்டி மெஷின் எண்ணைப் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாத்தி, கவுண்டர் மெஷினில் கையால் போட்டுட்டார். கவுண்டர் ஓட ஆரம்பிச்சது! எல்லாரும் கைதட்டாத குறை. பத்து நிமிஷத்தில் லேபில் இருந்து போன்: ரிப்போர்ட் பிரிண்ட் வரல. அண்ணன் போட்ட எண், லேப் பிரிண்டருக்குன்னு நிரந்தரமா ஒதுக்கி வெச்ச எண். ஒரே பெட்டில் ரெண்டு பேர்.

19. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரெண்டு ஆன்ட்டிபயாடிக் வாங்கிப் போட்டா காய்ச்சல் விட்ட மாதிரி இருக்குமே, அதே கதை. தானாக எண் வாங்கும் மெஷினில் கையால் எண் போடுறது சுயமருத்துவம். நெட்வொர்க்கைப் பார்த்துக்கிறவர் சொல்லாம செய்யாதீங்க. செஞ்சிருந்தா, மறைக்காம அவர்கிட்ட சொல்லிடுங்க.

20. மாவட்டத்தில் இருந்து சிஸ்டம் பார்க்கிற தம்பி வந்து சேரும்போது மதியம் ஆயிடுச்சு. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை யார் முதல்ல கவனிச்சீங்க?" ஆபரேட்டர் தங்கச்சியோட நோட்டை வாங்கிப் பார்த்தார். மெஷின் வாரியா எண், தேதி போட்டு எழுதி வெச்சிருந்தாங்க. "இது போதும்"னார். ஹிஸ்டரி எடுக்கிறதுன்னா என்னன்னு எனக்கு எம்பிபிஎஸ்ஸில் சொல்லிக் கொடுத்ததை அவர் செஞ்சார். நான் செய்யல.

21. பிறகு கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் ஆல் என்ற கட்டளையைக் கொடுத்தார். நீளமா ஒரு பட்டியல் வந்தது. அதில் "டிஹெச்சிபி சர்வர்"னு ஒரு வரி. உங்களுக்கு எண் கொடுத்த ஆள் யாருன்னு அதுதான் சொல்லும். அங்கே இருந்தது 192.168.0.1. அந்த எண்ணை பிரவுசரில் போட்டார். ஒரு வீட்டு ரவுட்டரோட லாகின் பக்கம் திறந்தது, கம்பெனி பேரோட.

22. "சார், யாராச்சும் இந்த கம்பெனி ரவுட்டர் புதுசா மாட்டினீங்களா?"

எனக்குத் தொண்டை வறண்டுடுச்சு.

23. ஞாயிறு நைட் டியூட்டி நான். டியூட்டி ரூமில் சிக்னல் கிடைக்காது. வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டு வந்து, சுவரில் இருந்த நெட்வொர்க் வயரை அதில் சொருகினேன். சொருகினது லேன் துளையில். வைஃபை சில நேரம் வந்தது, சில நேரம் வரல. "அரசாங்க நெட்டு இப்படித்தான்"னு நினைச்சு, அப்படியே விட்டுட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு எண் கொடுக்கும் சர்வர் தூரத்தில். என் ரவுட்டர் ரெண்டு ரூம் தள்ளி. திங்கள் காலை "பெட் இருக்கா?"ன்னு யார் கேட்டாலும், பெரும்பாலும் முதலில் பதில் சொன்னது நான் வெச்ச ரவுட்டர்.

24. தம்பி அதைக் கழற்றினார். பார்மசிஸ்ட் அண்ணன் போட்ட எண்ணை எடுத்துட்டு, பழையபடி தானாக எண் வாங்கும் அமைப்புக்கு மாத்தினார். மத்த மெஷினில் ரிலீஸ், ரினியூ என்று ரெண்டு கட்டளை: கையில் இருக்கிற எண்ணை விடு, புதுசா கேள். எல்லாம் 10-க்குத் திரும்பிடுச்சு. "நல்ல சுவிட்சா இருந்தா டிஹெச்சிபி ஸ்னூப்பிங்னு ஒண்ணு இருக்கு சார், இந்த மாதிரி திருட்டு ரவுட்டர் பதில் சொன்னா அமுக்கிடும். கேட்டு எழுதிப் போடுங்க"ன்னார். திருட்டு ரவுட்டர்னு அவர் சொன்னது என் ரவுட்டரை.

25. கதை இங்கே முடிஞ்சிருந்தா இந்த இழையை எழுதியிருக்க மாட்டேன். நான் காலையில் போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் போயிருந்தது. மதியத்துக்குள்ள அந்தத் தங்கச்சிக்கு விளக்கம் கேட்டு மெமோ தயார். எனக்கெல்லாம் மெமோன்னா ஒரு பேப்பர். ஒப்பந்த ஊழியருக்கு அது அடுத்த வருஷ வேலை.

26. சீஃப் ரூமுக்குப் போய் சொன்னேன். "நான்தான் சார். என் ரவுட்டர்." அவர் சிரிச்சார். "சரி விடுப்பா, தெரியாம செஞ்சது." அவ்வளவுதான். எனக்கு மெமோ இல்ல, விளக்கம் இல்ல. செய்யாத தப்புக்கு அந்தப் பெண்ணுக்கு மெமோ, செஞ்ச தப்புக்கு எனக்கு "சரி விடுப்பா."

27. நடந்ததை என் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மெமோவை ரத்து செய்து, என் கடிதத்தை அவங்க ஃபைலில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாங்க. பிறகு கவுண்டருக்குப் போய், காலையில் எந்த இடத்தில் நின்னு சத்தம் போட்டேனோ அங்கேயே நின்னு, "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிடுங்க"ன்னேன். அவங்க சீட்டு போட்டுக்கிட்டே, தலை நிமிராம சொன்னாங்க: "நம்பர் மாறியிருக்குன்னு சொன்னேன்ல சார்."

28. வார்டில் ஒரு நோயாளியோட அம்மா "புள்ள எப்பவும் போல இல்ல டாக்டர்"னு சொன்னா, மானிட்டரில் எல்லாம் சரியா இருந்தாலும் திரும்பப் போய்ப் பார்க்கணும்னு ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான். "எப்பவும் போல இல்ல"ன்னு ஒருத்தர் கம்ப்யூட்டரைக் காட்டிச் சொன்னப்போ காது கேட்கல.

29. சுருக்கமா, உங்க ஆபீஸுக்கு:

நல்லா ஓடும் நாளிலேயே உங்க மெஷின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைங்க.
169.254 என்றால் யாரும் பதில் சொல்லல. வயர், சுவிட்ச், சர்வர் பாருங்க.
எண் வேற வரிசையில் இருந்தா, வேற யாரோ பதில் சொல்றாங்க. டிஹெச்சிபி சர்வர் வரியைப் பாருங்க.
கையால் எண் போடாதீங்க.
வீட்டு ரவுட்டரை ஆபீஸ் வயரில் சொருகாதீங்க.

30. பெரியவர் மறுநாள் டிஸ்சார்ஜ். ரத்தப் பரிசோதனையும் முடிஞ்சது. போகும்போது அவர் மனைவி பையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டிட்டுப் போனாங்க. ரவுட்டர் இப்போ என் வீட்டுப் பரணில் இருக்கு. டியூட்டி ரூமில் இன்னும் சிக்னல் இல்ல. பரவாயில்ல.

ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிறவங்க இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க. வீட்டில் சர்க்கரை மாத்திரை போடுறவங்க இருந்தா, 8-வது பதிவை மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.