பழைய நரம்பும் புதிய கையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியதாகவோ கல்லூரியின் ஆதி வரலாறு பற்றியதாகவோ இருந்திருக்கும். கல்லூரி வரலாற்றை எழுதுதற்கு எம்மினும் மூத்தோர் பலர் உளர். சங்க இலக்கியத்தையோ எம் மாணாக்கர் வகுப்பறையிலே போதிய அளவு கேட்டுக் களைத்துவிட்டனர். ஆதலின் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது கிட்டார்ப் பாட்டுப் பற்றியே. முகஞ்சுளிக்கும் பெரியோர் சிறிது பொறுத்தருள்வாராக.

எம் உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வர், சாய்ந்தமருதிலிருந்து வரும் நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, காரைதீவிலே ஒரு வீட்டின் பின்னறையில் பாட்டுக் கட்டி ஒலிப்பதிவு செய்து வருகின்றனர். அவர்களுக்குத் திரைப்படம் இல்லை, முதலாளி இல்லை, இசைத்தட்டு நிறுவனம் இல்லை. இரண்டு கிட்டார், ஒரு மடிக்கணினி, சாய்ந்தமருதுத் தம்பியின் றபான், எதிரொலியை அடக்குதற்காகச் சுவரோரம் நிறுத்திய பஞ்சுமெத்தை இரண்டு. இவையே அவர்தம் கலைக்கூடம். பாட்டு முற்றியதும் யூடியூப்பிலே ஏற்றிவிடுகின்றனர். சொற்பிழை பார்த்துத் தருமாறு ஒரு நாள் எம்மிடம் வந்தனர்; அன்று தொடங்கியது எமக்கும் இவ்விசைக்கும் உள்ள உறவு.

தாளைத் திருத்திக் கொடுத்தபின், பாட்டையும் கேளுங்கள் என்று கைபேசியை நீட்டினர். கேட்டு முடிந்ததும் அவர்கள் வினவிய வினா எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. "நல்லா இருக்கா, சேர்?" என்று அவர்கள் கேட்டிலர். "பழசு மாதிரிக் கேக்குதா, சேர்?" என்றே கேட்டனர். 2005ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் தம் பாட்டு 1970ஆம் ஆண்டிலே பதிவாயிற்றுப் போல ஒலிக்கவேண்டும் என்று அவாவுகின்றனர். இஃது எங்ஙனம் நேர்ந்தது என யாம் ஆராயத் தலைப்பட்டோம்.

பழைய ஒலி என்பது யாது? அக்காலத்தே வாத்தியக்காரர் அனைவரும் ஓர் அறையிலே கூடி, ஒரே முறையில் வாசித்தனர். ஒருவர் வாத்தியத்தின் ஓசை மற்றவர் ஒலிவாங்கியிலும் சென்று கலந்தது. காந்த நாடா தன் மெல்லிய இரைச்சலையும் சேர்த்தே பதிந்தது. கூரிய ஓசைகளின் முனையைச் சற்று மழுக்கிற்று. மின்கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியுள் இருந்த சுருள்வில் ஒன்று அதிர்ந்து, கிணற்றுள்ளிருந்து வருவது போன்ற கார்வையைத் தந்தது. 1949இல் வந்த 45 சுழற்சிச் சிறு தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். ஆதலின் வீண் ஆலாபனைக்கு இடமின்றிப் பாட்டு எடுத்த எடுப்பிலே தொடங்கிற்று. இவையெல்லாம் அன்று குறைகள். நீக்குதற்குப் பொறியியலார் அரும்பாடுபட்ட குறைகள். இன்றோ அவ்விரைச்சலைக் கணினியிலே வேண்டுமென்றே சேர்க்கின்றனர்! பஞ்சம் நீங்கிய வீட்டார் குரக்கன் கூழை விரும்பிக் குடிப்பது போன்றது இது.

நம் பிள்ளைகள் மட்டும் இங்ஙனம் செய்கின்றார் அல்லர். நியூ யோர்க்கின் லோங் ஐலண்டைச் சேர்ந்த சகோதரர் இருவர் லெமன் டுவிக்ஸ் என்னும் பெயரோடு பாடுகின்றனர். 1990களின் பிற்பகுதியிலே பிறந்தவர்கள். அவர்கள் 2023இலும் 2024இலும் வெளியிட்ட தொகுதிகளைக் கேட்போர், தந்தையார் பெட்டியிலிருந்து எடுத்த தட்டோ என ஐயுறுவர். டெக்சாஸ் மாநிலத்துக் குருவாங்பின் என்னும் மூவர் குழு இன்னும் விந்தையானது. அப்பெயர் தாய்லாந்து மொழியில் ஆகாய விமானத்தைக் குறிக்கும். அவர்கள் 1960களிலும் 1970களிலும் தாய்லாந்திலே எழுந்த கிட்டார்ப் பாட்டுகளைத் தேடிக் கேட்டு, அந்த வாசனையோடு ஒரு வயற்புறக் களஞ்சியக் கொட்டிலில் இருந்து பதிவு செய்து, 2015இலே தம் முதல் நெடுந்தொகுதியை வெளியிட்டனர். எம் மாணாக்கர் இக்குழுவையே குருவாகக் கொண்டவர். எம்மிடம் நீட்டிய முதற்பாட்டு அக்குழுவின் சாயலிலேதான் இருந்தது. தாய்லாந்துப் பழமை டெக்சாஸ் சென்று, அங்கிருந்து காரைதீவுக்கு வந்துள்ளது.

இதிலே குற்றம் காண யாம் விரும்பிலேம். ஆயினும் ஒன்று கேட்டோம்: "தம்பிமாரே, இது யாருடைய பழசு?"

நம் தீவுக்கும் கிட்டார்ப் பழமை உண்டு என்பதை அவர்கள் அரைகுறையாகவே அறிந்திருந்தனர். 1943இல் பிறந்து 1996இல் மறைந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1960களிலே மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டிலே குடியேற்றினார். தமிழிலே யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்னும் பாட்டால் வீடுதோறும் புகுந்தார். ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழையும் சிங்களத்தையும் ஒரே வலையில் அள்ளிய மீன்பாட்டு. அப்பாட்டை இளையராஜா 1977இலே 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்திற்கு எடுத்தாள, மலேசியா வாசுதேவன் குரலிலே அது தமிழகமெங்கும் பரந்தது. பொப் இசை என்று நாம் வழங்கிய அவ்விசையை அன்று இலங்கை வானொலி வளர்த்தது. கல்லூரிக் கலைவிழாக்கள் வளர்த்தன. இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவர் சிலர் அன்று மேடையேறிப் பாடியவர்களே. அவர்கள் இப்போது பேரப்பிள்ளைகள் முன் அதனை மறைக்கின்றனர்.

பின்னர் வந்த ஆண்டுகளை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாடியவர் கடல் கடந்தனர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியா சென்றார். சிலோன் மனோகர் எனத் தமிழகத்தார் அழைத்த மனோகரன், 2018ஆம் ஆண்டு சனவரியிலே சென்னையிற் காலமானார். இடம்பெயர்ந்து ஓடுவோர் பிள்ளையைத் தூக்குவரேயன்றி இசைத்தட்டைத் தூக்கார். வீட்டோடு எரிந்தவை பல. சுனாமியோடு சென்றவை பல. இதனிலும் கொடிது கம்போடியாவின் கதை. 1960களிலே கிட்டாரும் தம் நாட்டு இசையும் கலந்து பாடிய சின் சிசாமுத் முதலிய பாடகர் பலர், கெமர் ரூஜ் ஆட்சி நடந்த 1975 முதல் 1979 வரையான காலத்தே மாண்டொழிந்தனர். எஞ்சிய நாடாக்களைக் கேட்டு, கலிபோர்ணியாவிலே 2001இல் தோன்றிய டெங்கு பீவர் என்னும் குழு, ஒரு கம்போடியப் பாடகியின் குரலிலே அப்பாட்டுகளை மீண்டும் இசைத்தது. நம் பாட்டுகளையும் பிறர்தாம் முதலிலே தேடினர். பாரிசு நகரத்து அக்குபோன் என்னும் சிறு நிறுவனம், இலங்கையின் பழைய சிங்கள, தமிழ்ப் பொப்பிசையைத் திரட்டித் தட்டாக வெளியிட்டுள்ளது. பாரிசிலே அருமை அறிந்த பொருளை நாம் பரணிலே கறையானுக்கு விட்டோம்.

இனி, கிட்டார் தமிழிசைக்கு ஆகாது என்போர்க்கு ஒரு சொல். வயலினைக் கருநாடக இசைக்கு 200 ஆண்டுகளுக்கு முன்னே கொணர்ந்தவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாக் கச்சேரி உண்டோ? கருவி அயலது என்பது வாதமாகாது. பைலாவின் தாளமோ மும்மூன்றாய்த் துள்ளும் ஆறெண்ணிக்கை. நம் கும்மியும் அத்திசிர நடையதே. பாரதியார் கும்மியையும் சிந்தையும் கையாண்டது பொதுமக்கள் காலும் கையும் அறிந்த நடையிலே பேச விரும்பியதனாலன்றோ? 'சின்ன மாமியே' நாவிலே ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் அதுவே என்பது எம் துணிபு. யாப்பு அறியாதவரும் யாப்பின் வழியே நடந்தனர்.

எமக்கு உள்ள குறை மொழி பற்றியது. எம் மாணாக்கர் எழுதி வந்த பாட்டிலே காதலன் சென்னைத் திரைப்படத்துத் தமிழ் பேசினான். கல்முனைச் சந்தியிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் பையன் கோடம்பாக்கத்து மொழியில் ஏங்குவது எங்ஙனம்? "நீங்க வீட்டிலே இப்பிடியா பேசுறீங்க?" என்று கேட்டோம். சிரித்தனர். 'மறுகா' என்னும் மட்டக்களப்புச் சொல்லை ஓரிடத்திலே இட்டுப் பாடச் சொன்னோம். முதலிலே நாணினர். பாடிய பின், அவ்விடம் வரும்போதெல்லாம் றபான் அடிக்கும் தம்பி தலையை ஆட்டுவதைக் கண்டு, அடுத்த அடியிலே 'என்னகா' என்பதையும் தாமே புகுத்தினர். செந்தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் கொச்சையை ஊக்குவதோ எனச் சக ஆசிரியர் ஒருவர் எம்மைக் கடிந்தார். கட்டுரைக்கு ஒரு தமிழ், பாட்டுக்கு ஒரு தமிழ் என்று கூறி அமைந்தோம்.

நம் ஊர் நரம்புக்கருவி பற்றிப் பேச உரிமை உடைய ஊர். 1892இலே காரைதீவில் மயில்வாகனமாய்ப் பிறந்த விபுலாநந்த அடிகளார், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வாயிலாகக் கொண்டு, வில்யாழ் தொடங்கிப் பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ் ஈறாக வழக்கொழிந்த யாழ்களை ஆராய்ந்து, நரம்புகளின் சுருதியைக் கணிதத்தால் அளந்து, 'யாழ் நூல்' தந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்ட அந்நூல் 1947 சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று; அடுத்த மாதம் அடிகளார் மறைந்தார். சீறியாழ் என்பது பாணர் தோளிலே சுமந்து ஊரூராய் நடந்த சிறு கருவி. இன்று பையிலே கிட்டாரைச் சுமந்து பேருந்தில் ஏறும் பிள்ளையைக் காணுந்தோறும் எமக்குச் சிறுபாணர் நினைவே வரும். ஆயினும் யாழிலே அடிகளார்க்குக் கிட்டாத ஒன்று உண்டு. நரம்பு எத்தனை என்பதை நூல் கூறும். சுருதியைக் கணிதம் கூறும். விரல் எவ்வாறு ஓடிற்று என்பதை ஓட்டிக் காட்ட ஒரு பாணனும் உயிரோடு இலன். கை அற்றபின் நூலே எஞ்சிற்று.

கை அறாத பழமை ஒன்று நமக்கு வடக்கே நாற்பது கிலோமீற்றர் அளவிலே உண்டு. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர்; பத்தாண்டிலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, மொழியும் ஆட்டமும் போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் தம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை ஒருவாறு பேசுகின்றனர். மணவீடுகளிலே வயலினும் கிட்டாரும் மேளமும் கொண்டு கபிரிஞ்ஞா ஆடுகின்றனர். பைலா என்னும் பெயரே ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்டியன் சிங்களச் சொல்லிட்டுப் பரப்பிய பைலாவிற்கும், அதன் வழியே நம் பொப் இசைக்கும், கபிரிஞ்ஞா பாட்டி முறையாகும். 2004 திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது நம் காரைதீவு பட்ட துயரை நாம் அறிவோம். அதே காலையில் மட்டக்களப்பு டச்பாரிலே வாழ்ந்த பறங்கியருட் பலரும் மாண்டனர். சிறிய சமூகம் அன்று மேலும் சிறிதாயிற்று.

சென்ற தவணை விடுமுறையிலே எம் மாணாக்கர் இருவரை அழைத்துக்கொண்டு மட்டக்களப்புச் சென்றோம். யாம் சந்தித்த பெரியவர் தச்சுத் தொழில் செய்தவர், எழுபதைக் கடந்தவர். கிட்டாரை மடியில் வைத்ததும் மாணாக்கர் இருவரும் தம் வழக்கப்படி அவருடைய இடக்கை விரல்களையே நோக்கினர். "இடக்கையப் பாக்காதீங்க தம்பி. அதில மூணு பிடிதான். மணிக்கட்டப் பாருங்க" என்றார். வலக்கை மணிக்கட்டு ஆறெண்ணிக்கையிலே ஓரிடத்தில் மட்டும் சற்றே தயங்கிப் பின் விழுகின்றது. அத்தயக்கமே ஆட்டத்தின் உயிர். பிள்ளைகள் மாலை வரை முயன்றனர். ஒருவனுக்குப் பிடிபட்டது, மற்றவனுக்குப் படவில்லை. கணினியிலே சேர்க்கும் பழமையுள் இத்தயக்கம் எங்கும் கிடைக்காது.

ஆயினும் இவ்விசையிலே கிட்டார் துணைக்கருவியே. மெட்டை ஏந்தி முன்செல்வது வயலின். அவரோடு ஐம்பதாண்டு வாசித்த வயலின்காரர் காலமாகிவிட்டார். பெரியவருடைய பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். ஆதலின் மெட்டுகளை அவர் வாயாலே முனகிக் காட்டினார். அன்று ஏழு மெட்டுகளைக் கைபேசியிலே பதிந்துகொண்டோம். நடுவே இரண்டிடத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல வயலின்தான் போகும், எனக்கு வராது" என்றார்.

ஊர் திரும்பியபின் கருநாடக வயலின் பயிலும் மாணவி ஒருவரிடம் அப்பதிவைக் கொடுத்தோம். சம்மணமிட்டு இருந்து, கருவியின் தலையைக் காலிலே ஊன்றி வாசித்துப் பழகிய பிள்ளை. நின்று, நாடியிலே வைத்து வாசிக்கவேண்டும் எனப் பெரியவர் தொலைபேசியிலே கூறியதும் திகைத்துவிட்டார். எனினும் ஏழில் இரண்டு மெட்டுகள் இப்போது தேறியுள்ளன. அவற்றுள் ஒன்றின் மேலே எம் மாணாக்கர் தம் சொற்களை இட்டுப் பாட்டாக்கி வருகின்றனர். நாடா இரைச்சல் சேர்க்கவா என்று ஒருவன் கேட்க, வேண்டாம் என்று மற்றவனே தடுத்துவிட்டான். விழா மேடையிலே இப்பாட்டுக்கு இடம் உண்டா என்பது பற்றிக் குழுவிலே நெடிய வாதம் நிகழ்ந்தது. பரதநாட்டியத்திற்கும் நாடகத்திற்கும் இடையே ஐந்து நிமிடம் தந்துள்ளனர். அஃது ஒரு 45 சுழற்சித் தட்டின் பக்கத்தினும் பெரிது; எனவே யாம் முறையிடுதற்கு இல்லை.

பிடிபட்ட கையுடைய மாணாக்கன் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கட்டாருக்குத் தொழில் தேடிச் செல்ல எண்ணியுள்ளான். அவன் போகுமுன் எஞ்சிய ஐந்து மெட்டுகளையும் மற்றொரு கைக்கு மாற்றவேண்டும். அடுத்த விடுமுறைக்கு நாள் குறித்துள்ளோம். பழைய மாணவருள் எவர் வீட்டிலேனும் 1970களின் பொப் இசைத்தட்டோ, அன்றைய கல்லூரிக் கலைவிழா ஒலிநாடாவோ இருக்குமாயின், பூசணம் பிடித்ததாயினும் வீசிவிடாது, கல்லூரி அலுவலகத்திலே தமிழாசிரியர் பெயர் குறித்துக் கொடுத்துவிடுமாறு வேண்டுகின்றோம். அக்காலத்தே வயலின் வாசித்த பறங்கி நண்பர் எவரையேனும் அறிந்தோர் கடிதம் எழுதினும் போதும்.