கற்பூரமும் பென்சில் டப்பாவும்

மூடி சரியாக இறுகாத டப்பாவில் வைத்த கற்பூரம் கொஞ்ச நாளில் பாதியாகிவிடும். உருகி ஓடிய தடம் எதுவும் இருக்காது. அலுவலகப் பதிவறையில் பழைய கோப்புகளுக்கு நடுவே நாங்கள் போட்டு வைத்த அந்துருண்டையும் அப்படித்தான் காணாமல் போகும். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதை 'சுப்ளிமாசியோன்' என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். ஆசிரியர் கண்ணாடிக் குழாயில் அயோடினைச் சூடாக்கி ஊதா நிற ஆவியைக் காட்டினார். தமிழில் பதங்கமாதல் என்பார்கள்.

பள்ளியோடு முடிந்துபோன சொல் என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வருஷம் அது எங்கள் சேதராப்பட்டுத் தெருவுக்கே தொழிலாக வந்து சேர்ந்தது.

மல்லாட்டைக் காடாகக் கிடந்த ஊர் இது. தொழிற்பேட்டை வந்தபிறகு வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் கணவருக்கும் அங்கே ஒப்பந்த வேலைதான். மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்தப் பெண் மகளிர் சுய உதவிக் குழுவில் 35,000 ரூபாய் கடன் வாங்கி, சூடாக அழுத்தி அச்சிடும் இயந்திரமும் அதற்கான மை, தாள், சிறிய பிரிண்டரும் வாங்கினாள். கப், சாவி வளையம், பனியன் எல்லாவற்றிலும் படம் போடலாம். விற்றவர், "பிளாஸ்டிக்கிலும் போடலாம்" என்று சொல்லியிருந்தார்.

முதல் பெரிய ஆர்டர் 150 பென்சில் டப்பா. ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க, மூடியில் பள்ளியின் படமும் பிள்ளையின் பெயரும் வேண்டும் என்றார்கள். டப்பாக்களை மொத்த விலைக்கு வாங்கியாயிற்று. ஒன்றை எடுத்து 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தினாள். மூடி அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. சூட்டை 120க்குக் குறைத்தாள். மூடி கொஞ்சம் நெளிந்ததோடு தப்பியது, ஆனால் படம் ஏறவில்லை. அழுக்குப்போல ஒரு சாயல்தான் விழுந்தது, அதுவும் விரலால் தேய்த்தால் வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "செட்டிங்கை மாத்திப் பாருங்க" என்பதோடு சரி.

"தாத்தா, இந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கையேட்டோடு வந்தாள். சீனத்தில் செய்த இயந்திரம். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று பொடி எழுத்தில் பல மொழிகள். எனக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு சுலபம். 'பாலியெஸ்டர், அல்லது பாலியெஸ்டர் பூச்சுள்ள பொருள்' என்று அதில் தெளிவாக இருந்தது. எல்லாப் பிளாஸ்டிக் என்று ஓரிடத்திலும் இல்லை.

காரணம் என்ன என்று அதன்பிறகு நானும் படித்துப் பார்த்தேன். இந்த மை சாதாரண மை அல்ல. முதலில் தாளில் படத்தை இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். தாளில் அது வெளிறிப்போய் உயிரில்லாமல் தெரியும். தாளைப் பொருளின்மேல் வைத்து 180 முதல் 210 டிகிரி வரை சூடாக்கி அழுத்தினால் சாயம் ஆவியாகும். அதே சூட்டில் பாலியெஸ்டரின் மூலக்கூறுகள் சற்று நெகிழ்ந்து இடம் கொடுக்கும். சாயம் உள்ளே புகுந்துகொள்ளும். ஆறியதும் கதவு மூடிக்கொள்ளும். படம் மேலே ஒட்டியிருக்காது, உள்ளே இருக்கும். அதனால்தான் நகத்தால் சுரண்டினாலும் உரிவதில்லை.

பாலியெஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். சாயம் பறப்பது அதற்கு முன்பே. நெகிழ்வதற்கும் உருகுவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. பென்சில் டப்பா, வாளி, சாப்பாட்டு டப்பா பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது 160 டிகிரி சுமாரிலேயே உருகிவிடும். சாயம் கிளம்புவதற்குள் வீடே இடிந்துவிடுகிறது. பாலித்தீன் அதற்கும் முன்னால். அவள் எந்தச் செட்டிங்கை மாற்றியிருந்தாலும் அந்த டப்பாவில் படம் ஏறியிருக்காது.

இன்னொன்று, இந்தச் சாயத்தில் வெள்ளை கிடையாது. சாயம் கண்ணாடிபோல ஊடு தெரியும். வெள்ளைப் பரப்பின் வெண்மைதான் படத்தின் வெண்மை. சிவப்பு டப்பாவில் நீலப் படம் கேட்டால் கருப்புதான் கிடைக்கும்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிலினைக் கண்டுபிடித்தார்கள். நாமெல்லாம் டெரிலின் சட்டை போட்டுப் பெருமையடித்த காலம் நினைவிருக்கும், அதுவும் பாலியெஸ்டர்தான். 1957இல் பிரான்சின் வடக்கே ரூபே நகரத்துக் கம்பளி நூல் ஆலை ஒன்றில் வேலை பார்த்த நோயல் த பிளாஸ், தாளிலிருந்து சாயத்தை ஆவியாக்கித் துணிக்கு மாற்றும் இந்த வழியைக் கண்டார். துணி ஆலை ஊரில் பிறந்த வித்தை, ரோடியர் மில் சங்கு கேட்டு வளர்ந்த நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.

பிளாஸ்டிக்கில் இது நன்றாக அமைந்ததற்கு நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் அறிந்த உதாரணம் கணினி விசைப்பலகை. எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த இரண்டு மூன்று வருஷத்தில், அதிகம் தட்டும் எழுத்துகள் தேய்ந்து மொட்டைக் கட்டையாகிவிட்டன. மேலே பூசிய எழுத்து அது. 1985 முதல் ஐபிஎம் தயாரித்த 'மாடல் எம்' விசைப்பலகையில் அப்படித் தேயாது. அதன் கட்டைகள் பிபிடி என்ற பிளாஸ்டிக். அதுவும் பாலியெஸ்டர் குடும்பம், 220 டிகிரி வரை உருகாது. எழுத்துகளைச் சாயமாக உள்ளே இறக்கியிருந்தார்கள்.

ஒரு சந்தேகம் வரலாம். தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர்தானே? ஆம், அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். ஆனால் அது ஊதி மெல்லியதாக இழுத்துச் செய்தது. நெகிழும் சூடு வந்ததுமே சுருங்கிவிடும். முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிபுரொப்பிலீன். இந்த ஒன்றையாவது டப்பா வாங்குமுன் விற்றவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கலாம்.

பள்ளியிடம் உண்மையைச் சொல்லிவிடம்மா என்றேன். தயங்கினாள். ஆர்டர் போய்விட்டால் தவணைக்கு என்ன செய்வது? வீட்டுக்காரர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சுருண்ட மூடியையும், பூச்சுப் போட்ட வெள்ளை நார்ப் பிளாஸ்டிக் தகடு ஒன்றில் அச்சிட்ட மாதிரியையும் எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிப்பையில் மாட்டும் பெயர்த் தகடாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பேசிய விலையைக் குறைத்துவிட்டார்கள். டப்பாக்களைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. சந்தையன்று வீட்டு வாசலில் வைத்துப் பாதி விலைக்கு விற்றாள். அந்த மாதத் தவணையைக் குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். இப்போது எந்தப் பொருள் வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்த்து எண்ணைத் தேடுகிறாள். பூச்சுள்ள பொருளை மட்டுமே கையில் எடுக்கிறாள். கடன் இன்னும் ஏழு தவணை பாக்கி.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் போட்ட கப் கொடுக்கிறோம். போய்விட்டவர்களின் முகத்தைத் தகட்டில் போட்டு மாட்டுகிறோம். கொடுக்குமுன், பூச்சுள்ள பொருள்தானா என்று கடையில் கேளுங்கள். இந்தச் சாயம் தண்ணீருக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். நம் ஊர் வெயில் நேராகப் படுகிற வாசல் சுவரில் மாட்டினால் சீக்கிரம் வெளுத்துவிடும். நிழலில் மாட்டுங்கள். எவ்வளவு நல்ல அச்சானாலும் அது நகல்தான். மூலப் படத்தைக் கடைக்காரரிடமிருந்து மறக்காமல் திருப்பி வாங்கி, உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.