காஞ்சிபுரம் இட்லியும் ஒரகடத்துப் பையனும்

இத்தாலியில் பொலோஞ்யா என்று ஒரு பழைய ஊர். சாப்பாட்டுக்குப் பேர்போனது. ராகு என்கிற (கிரகம் இல்லீங்க, கறிக்குழம்பு!) தங்கள் ஊர் அயிட்டத்தின் செய்முறையை 1982-இல் வர்த்தக சபையிலேயே பதிந்து வைத்தார்கள். காமர்ஸ் மக்கள் கவனிக்க :)

நம்ம பக்கத்தில் அப்படி ஒரு ஊர் காஞ்சிபுரம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக பஸ்.

தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரகடத்தில் ஒரு வருஷ கான்ட்ராக்டில் இருந்தான். "காஞ்சிபுரம் பக்கத்துலதான இருக்க, வரதராஜரைப் பாத்தியாய்யா?" என்று அம்மா போனில் கேட்காத வாரமில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்தால் யாருக்குக் கோயில் ஞாபகம் வரும்? கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை என்றான பிறகு, கடைசி ஞாயிறுதான் போனான்.

அந்தக் கோயில் இட்லி ஹோட்டல் இட்லி மாதிரி இல்லை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் நெடுநேரம் வேகவைப்பது. துண்டு போட்டுத்தான் தருவார்கள். சட்னியெல்லாம் கிடையாது. முதல் வாய் அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாயில் சுக்கு ஏறியது... இன்னொன்று வாங்கினான்.

சீக்கிரம் கெடாது என்றார்கள். பொட்டலத்தோடு அன்று இரவே ஊருக்கு பஸ் ஏறினான். காலையில் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மிளகு ஜாஸ்தி" என்றாள்.