மூன்று வாரம், ஒரு மட்டை



புது டென்னிஸ் மட்டையோடு நான் நிற்கும் படத்தை மகள் போட்டதும் பாதிப் பேர் "இந்த வயசுலயா மிஸ்?" என்றீர்கள். மீதிப் பேர் "எந்த மட்டை மிஸ், நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: வயது 63, ஆமாம், இந்த வயதில்தான். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த நீளமான பதிவு. ராக்கெட் என்று எழுதினால் நம் ஊர்க்காரர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா நினைவு வரும். அதனால் மட்டை என்றே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனேன். மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்ததால் மறுபடியும் அணுபுரத்துக்கே வந்து சேர்ந்தேன். காலையில் டென்னிஸ் ஆடும் பழக்கமும் கூடவே வந்தது. போன வருடம் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்து மூன்று மாதம் ஆடவில்லை. அதன் பிறகு வீட்டில் இரண்டு கட்சி. ஒரு கட்சி "போதும்மா, நடைப்பயிற்சி போங்க" என்றது. இன்னொரு கட்சி "பெரிய தலை, குறைந்த எடை மட்டை வாங்கிக்கோ, அதுவே அடிக்கும்" என்றது. இரண்டாவது கட்சியின் பேச்சைக் கேட்டு 105 சதுர அங்குலத் தலையும் 265 கிராம் எடையும் உள்ள மட்டையோடு ஆறு மாதம் ஆடினேன்.

அதில் பந்து நன்றாகவே பறந்தது. எங்கே விழும் என்பதுதான் தெரியவில்லை.

இதைச் சொன்னபோது, சென்னையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் தன் மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். "மூணு வாரம் ஆடிப் பாருங்க மிஸ். பிடிச்சா வச்சுக்குங்க, இல்லாட்டி நான் வந்து வாங்கிக்கிறேன்." வில்சன் பிளேடு 98. ஸ்ட்ரிங் இல்லாமல் 305 கிராம், தலை 98 சதுர அங்குலம், சட்டத்தின் கனம் 21 மில்லிமீட்டர், நெடுக்கே 18 இழை, குறுக்கே 20 இழை. பந்தைக் கட்டுப்படுத்தி ஆட நினைப்பவர்களுக்கான மட்டை என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது.

கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது ஏறக்குறைய 5 மில்லி விநாடி. அதற்குள் இழைகள் உள்வாங்கி, துணிமெத்தை போலப் பந்தைத் திருப்பித் தள்ளுகின்றன. இழைகள் நெருக்கமாக இருந்தால் உள்வாங்கல் குறைவு. அதனால் வேகமும் குறைவு, பந்து கிளம்பும் கோணமும் அதிகம் மாறாது. மெல்லிய சட்டம் அடியில் சற்று வளையும். அது நிமிர்வதற்குள் பந்து போய்விடுவதால் வளைந்த சக்தி பந்துக்குத் திரும்புவதில்லை. சுருக்கமாக, இந்த மட்டை இனாமாக எதுவும் தராது. நீங்கள் கொடுத்ததுதான் பந்தில் இருக்கும்.

இனி சோதனை. பின்கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே, மூலையில் பழைய துண்டு ஒன்றை விரித்தேன். கடல்காற்று கிளம்பும் முன், காலை ஆறு மணிக்கு, அக்கா (அவரைப் பற்றிப் பிறகு) பந்து போட, ஒவ்வொரு மட்டையிலும் 20 ஃபோர்ஹேண்ட். உங்களை எழுத வைத்த மாதிரியே ஒரு அப்சர்வேஷன் நோட்டு.

பழைய மட்டை: 7 துண்டுக்குப் பக்கத்தில், 6 வெளியே, மீதி எங்கெங்கோ. புதியது: 12 துண்டுக்குப் பக்கத்தில், 1 மட்டுமே வெளியே, 7 பாதிக் கோர்ட்டில் குட்டையாக. பேக்ஹேண்ட் ஸ்லைஸ் வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போய்த் தரையோடு தங்கியது. வலைக்கு அருகில் வாலி அடிக்கும்போது மட்டை கையில் திரும்பவே இல்லை. முழங்கைக்கும் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. பந்தின் எடை ஏறக்குறைய 58 கிராம். அது மோதும்போது இலேசான மட்டை அதிகம் பின்வாங்கும், அந்த உதறலைக் கைதான் தாங்க வேண்டும். கனமான, வளையும் மட்டை தானே கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. எல்லார் கைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வலி இருப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மண்ணின் ஆட்டமே இதுதானே! ராமநாதன் கிருஷ்ணன் இன்றைய மட்டையைவிடச் சின்னத் தலையுள்ள மர மட்டையோடு 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸுக்கு யாரும் பயந்ததில்லை. ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை அவர் வீழ்த்தினார். பலத்தால் இல்லை, பந்தை வைக்கும் இடத்தால்.

இரண்டாவது வாரம் அதே துண்டுச் சோதனையை ஒரு மணி நேரம் சிங்கிள்ஸ் ஆடி முடித்த பிறகு செய்தேன். 20-ல் 4 மட்டுமே துண்டுக்குப் பக்கத்தில். 13 குட்டை. வெளியே போனது ஒன்றுகூட இல்லை, போகும் அளவுக்குப் பலமே இல்லை. தோள் சுழலவில்லை, கால் ஒரு அடி தாமதம். பழைய மட்டையில் இது தெரியாது. கால் தாமதமானாலும் அது பந்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடும். இந்த மட்டை பரீட்சைத் தாள் மாதிரி, எழுதியதற்குத்தான் மார்க்.

மூன்றாவது வாரம் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பார்த்தேன். 55 பவுண்டு இழுவையில் இருந்ததை மென்மையான இழையாக 50-க்கு இறக்கினோம். இழுவை குறைந்தால் பந்துக்கு ஆழம் கூடும். கூடியது. களைப்புக்குப் பிறகு 4 ஆக இருந்தது 8 ஆயிற்று. ஆனால் ஸ்ட்ரிங்கால் காலை நகர்த்த முடியாது.

இப்போது அக்கா. திருக்கழுக்குன்றத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். செவ்வாயும் சனியும் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். இருபத்தைந்து வருடமாக எங்களுக்குள் சிங்கிள்ஸ். என் மாமியார் தவறிய வாரமும் மகள் பிரசவமும் தவிர நான் அதிகம் விட்டதில்லை. நோட்டை அவரிடம் காட்டி, "இனிமே எனக்கு டபுள்ஸ் போதும்க்கா" என்றேன்.

அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "மட்டை சரியில்லேன்னா மட்டையை மாத்து. ஆட்டத்தை ஏன் மாத்துற?"

"மட்டை சரியா இருக்குக்கா. அதான்."

இரண்டு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் வந்தார், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு சிங்கிள்ஸ் ஆடினார், 6-4 என்று ஜெயித்தார். நான் ஸ்கோர் சொன்னேன். சனிக்கிழமை எங்களோடு டபுள்ஸுக்கும் நின்றார், என் எதிர்ப்பக்கத்தில். இன்னும் என் பக்கம் வரவில்லை. வருவார் என்று நினைக்கிறேன்.

மட்டையை வைத்துக்கொண்டேன். மாணவன் வேண்டாம் என்றும் கேட்காமல் பணத்தை அனுப்பிவிட்டேன். டபுள்ஸில் பாதிக் கோர்ட்டுதான் என்னுடையது. அங்கே இடம் பார்த்து வைப்பதும் வாலியும் ஸ்லைஸும்தான் வேலை. அதற்கு இதைவிட நல்ல மட்டை நான் பிடித்ததில்லை.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: புதிதாகக் கற்பவர்கள் வேண்டாம், பந்து அந்தப் பக்கம் போகாமல் மனம் சோர்ந்துவிடும். பல வருடம் ஆடியவர்கள் கடையில் நாலு தடவை வீசிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரு மணி நேரம் ஆடிக் களைத்த பிறகு வரும் கடைசி அரை மணி நேரத்தில் சோதித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லா மட்டையும் நல்ல மட்டைதான்.

அணுபுரம் பக்கம் வருபவர்கள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். டபுள்ஸுக்குப் பல நாள் ஒரு ஆள் குறைகிறது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் மிஸ்