ஓசிடிக்கு என்ன படிக்கலாம்?

ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணங்களும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் விடாமல் துரத்தும் நோய்க்கு, என்ன படிக்கலாம் என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருந்தீர்கள். என் முதல் பரிந்துரை ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸின் 'பிரெய்ன் லாக்' (1996). கேஸை மூடினோமா என்று மனசு குடைகிறதா? அது நோயின் வேலை என்று அடையாளம் கண்டுகொண்டு, 15 நிமிடமாவது வேறு வேலையில் இறங்கச் சொல்கிறார். பதற்றம் தணியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது இருக்கும்போதே இறங்க வேண்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். கால் அடுப்படிப் பக்கம் இழுக்கும். இழுக்கட்டும்.

பெற்ற குழந்தையையே ஏதாவது செய்துவிடுவோமோ, சாமி முன்னால் இப்படியொரு நினைப்பா என்று யாரிடமும் சொல்லாமல் புழுங்குபவர்கள், லீ பேயரின் 'தி இம்ப் ஆஃப் தி மைண்ட்' படியுங்கள். அந்த எண்ணம் வருவதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

வீட்டிலிருப்பவர்களுக்கு: "பூட்டியாச்சுப்பா" என்று திரும்பத் திரும்ப உறுதி சொல்வது சந்தேகத்துக்குத்தான் தீனி. அன்பாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

புத்தகம் போதாத கட்டமும் வரும். மருந்தும், பயத்தை எதிர்கொண்டு சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் இஆர்பி சிகிச்சையும் நன்றாகவே உதவுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.