முதல் பக்கத்தில் ஒரு இடம்

வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். "சார், உங்க வெப்சைட்டை முப்பதே நாள்ல கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம். கேரண்டி!" என்ன ஒரு நம்பிக்கை அந்தக் குரலில்! பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்கிறவர்கூட ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் டயம் கேட்பார். இவர்களுக்கு முப்பது போதும்.

எங்கள் ஆபீஸ் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் வேலை ஆறு வருஷமாக என் தலையில் இருப்பதால், இந்தப் போன்கள் எல்லாம் நேராக என் மேஜைக்கே வரும். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற தூக்கத்தை விரட்டுவதற்காக ஒருவரிடம் கேட்டேன். "குத்துவிளக்கு விக்கிறவங்க பத்துப் பேர் உங்ககிட்ட பணம் கட்டினா, பத்துப் பேரையும் முதல் இடத்துல உட்கார வைப்பீங்களா?"

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். மேனேஜர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

குத்துவிளக்கு என்று வாயில் வந்ததற்குக் காரணம் என் மச்சினன். மனைவியின் தம்பி. கும்பகோணத்தை ஒட்டி நாச்சியார்கோவிலில் பித்தளை விளக்குப் பட்டறை வைத்திருக்கிறான். அப்பா காலத்துப் பட்டறை. கல் கருடனைச் சேவிக்க வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு ஜோடி விளக்கு வாங்கிப் போவதுண்டு. மீதியெல்லாம் மொத்த வியாபாரிகளுக்குப் போகும். அவர்கள் சொல்வதுதான் விலை, கொடுப்பதுதான் பணம், கொடுக்கும் தேதிதான் நல்ல நாள். இதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் வெப்சைட் ஒன்று போட்டான். எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஆர்டர்கூட இல்லை.

"அத்தான், ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். முப்பத்தாறாயிரம் கேட்கிறார். ஆறாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். மீதி முப்பதை அடுத்த வாரம் கட்டணும்" என்றான் போனில்.

அந்த முப்பதாயிரம், தை முகூர்த்தங்களுக்குப் பித்தளை வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம். பித்தளை வாங்காவிட்டால் பட்டறையில் இருக்கும் மூன்று பேருக்கு ஒரு மாதம் வேலை இல்லை. அதனால் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிட்டேன். என் மனைவி "இதுவே உங்க தம்பியா இருந்தா இப்படி ஓடுவீங்களா?" என்று கேட்கவில்லை. அவளுடைய தம்பி ஆயிற்றே.

நீங்களும் சைடு பிசினஸ் எதற்காவது வெப்சைட் வைத்திருந்தால், யாருக்கும் பணம் கொடுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கூகுளில் 'சைட்' என்று இங்கிலீஷில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியைச் சேருங்கள். கூகுளுக்குத் தெரிந்த உங்கள் பக்கங்கள் அநேகமாக வந்து நிற்கும். மச்சினன் முகவரியைப் போட்டேன். ஒன்றுகூட வரவில்லை. முதல் பக்கம், பத்தாவது பக்கம் என்ற பேச்சே இல்லை. அப்படி ஒரு கடை இருப்பதே அதற்குத் தெரியாது!

காரணம் ஒரே ஒரு வரி. வெப்சைட் கட்டும்போது, அரைகுறையாக இருப்பதை உலகம் பார்க்க வேண்டாம் என்று 'நோ இண்டெக்ஸ்' என்று உள்ளே ஒரு வரி எழுதி வைப்பார்கள். 'என்னைப் பட்டியலில் சேர்க்காதே' என்று அர்த்தம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கட்டிக்கொடுத்த பையன் எடுக்கவில்லை. கடையைத் திறந்து, சாமி படத்துக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, வாசலில் 'உள்ளே வராதீர்கள்' என்று போர்டு மாட்டிவிட்டு எட்டு மாதம் காத்திருந்திருக்கிறான் என் மச்சினன். கம்பெனிக்காரர் இதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலைக்கு எப்படி முப்பத்தாறாயிரம் கேட்பது?

வரியை எடுத்தோம். கூகுள் இலவசமாகவே தருகிற 'சர்ச் கன்சோல்' என்ற வசதியில் முகவரியைப் பதிந்தோம். கூகுளின் புரோகிராம் ஒன்று, சென்சஸ்காரர் மாதிரி, லிங்க் லிங்க்காக ஏறி இறங்கி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக்கொண்டு போகிறது. ஆனால் அது படிப்பதற்கு ஏதாவது எழுதியிருக்க வேண்டுமல்லவா? மச்சினன் பக்கத்தின் தலைப்பு 'ஹோம்'. உள்ளே ஒரு பெரிய போட்டோ. விளக்கின் உயரம், எடை, விலை எல்லாம் அந்தப் போட்டோவுக்குள்ளேயே பொன்னிற எழுத்தில். பார்க்க அழகுதான், கல்யாணப் பத்திரிகை மாதிரி. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி மட்டும் தேடல் நடக்காது.

"ஏம்ப்பா, விளக்கு வாங்கறவங்க என்னன்னு கேட்டுட்டு வர்றாங்க?"

"மூணு அடி விளக்கு ஜோடி என்ன விலைம்பாங்க. கல்யாணச் சீருக்குன்னா எத்தனை கிலோ வரும்னு கேட்பாங்க. அன்னம் வெச்சதா, வெக்காததான்னு கேட்பாங்க."

"அதைத்தான் எழுதணும்."

எழுதினோம். ஒவ்வொரு அளவு விளக்குக்கும் தனிப் பக்கம். 'நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, 3 அடி, ஜோடி' என்று தலைப்பு. உயரம், எடை, விலை, பிரபையில் என்ன உருவம், எத்தனை பாகமாகக் கழற்றலாம், புளி போட்டுத் தேய்க்கலாமா என்பதெல்லாம் சாதாரண எழுத்தில். ஊர்ப் பெயருக்கு இங்கிலீஷில் ஐந்தாறு ஸ்பெல்லிங் உண்டு. இரண்டை மட்டும் இயல்பாக வருகிற இடத்தில் சேர்த்தோம். 'குத்துவிளக்கு, குத்துவிளக்கு' என்று ஐம்பது தடவை எழுதினால் மேலே வரும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அது மலையேறிப்போன வித்தை. மறைவாக எழுதி வைக்கும் கீவேர்ட் பட்டியலை ரேங்க்குக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. போட்டோக்களையும் இளைக்க வைத்தோம். ஒவ்வொன்றும் ஆறு எம்.பி. இருந்தது, கிராமத்து சிக்னலில் விளக்கின் அடிப்பாகம் தெரிவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

இதெல்லாம் வீட்டைக் கூட்டி வைக்கிற வேலை. ஊரில் பேர் வாங்குவது வேறு வேலை.

மாப்பிள்ளை பார்க்கிறோம். "நான் ரொம்ப நல்ல பையன்" என்று அவனே சொன்னால் யாராவது பெண் கொடுப்போமா? அக்கம்பக்கம் விசாரிப்போம். அதிலும் டீக்கடையில் சொல்வதற்கு ஒரு மதிப்பு, அவன் படித்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சொல்வதற்கு ஒரு மதிப்பு. இந்தக் கிராமத்து ஞானத்தைத்தான் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கணக்காக எழுதி 1998-ல் கூகுளை ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவருக்கு எத்தனை பேர் சிபாரிசு என்பதைப் பொறுத்து அதன் எடை. இன்றைக்கு எத்தனையோ விஷயங்களை அது பார்க்கிறது என்றாலும் அஸ்திவாரம் இதுதான்.

சிபாரிசு என்று வந்துவிட்டால் கள்ள சிபாரிசும் வந்துவிடும். 2003-ல் சில குறும்புக்காரர்கள் கூடி, 'படுதோல்வி' என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை அங்கங்கே எழுதி, அதிலிருந்து ஜனாதிபதி புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புக்கு லிங்க் கொடுத்தார்கள். அந்த வார்த்தைகளைத் தேடினால் வெள்ளை மாளிகைப் பக்கம் முதலில் வந்து நின்றது! அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தைகளே கிடையாது. 2007-ல்தான் கூகுள் இதைச் சரி செய்தது.

மச்சினன் கொடுத்த ஆறாயிரத்துக்குக் கம்பெனிக்காரர் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். "முந்நூறு லிங்க் போட்டாச்சாம் அத்தான்!" என்று லிஸ்ட்டைப் பெருமையோடு நீட்டினான். பார்த்தேன். ரஷ்ய மொழியில் ஏதோ சூதாட்டம். வழுக்கைத் தலைக்கு மாத்திரை. மீன் தொட்டி. இத்தனை பேரும் நாச்சியார்கோவில் விளக்குக்கு சிபாரிசு.

அவனுக்கு ஜே.சி. பென்னி கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் அது. 2010 கடைசியில், கிறிஸ்துமஸ் வியாபார சமயத்தில், உடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை துருவிப் பார்த்தது. சூதாட்டம், பல்கேரியாவில் வீடு நிலம், அணு எஞ்சினீயரிங் என்று சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து லிங்க்குகள். 2011 பிப்ரவரியில் விஷயம் கூகுள் காதுக்குப் போயிற்று. ஒரு பிராண்டு சூட்கேஸைத் தேடினால் சாயங்காலம் ஏழு மணிக்கு முதல் இடத்தில் இருந்த கடை, ஒன்பது மணிக்கு 71-வது இடம். 'எங்களுக்கு எதுவுமே தெரியாது' என்று சொல்லி, அதைச் செய்த ஆலோசனைக் கம்பெனியை அனுப்பிவிட்டார்கள்.

"பெரிய கடைக்கே அந்த கதியா?"

"உனக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்காது. இந்த மாதிரி லிங்க்கை இப்பல்லாம் அது பெரும்பாலும் கண்டுக்கறதே இல்லை. பணம்தான் தண்டம்."

மீதி முப்பதாயிரம் பித்தளைக்கே போயிற்று. ஆறாயிரம் திரும்பி வரவில்லை. வரும் என்று நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பதிலாக, காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பது, உருக்கி ஊற்றுவது, கடைசல் பிடிப்பது, பாகங்களை மரை போட்டுச் சேர்ப்பது என்று வேலை நடக்கும்போதே படம் பிடித்து, பட்டறையில் மூத்தவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். "தொழில் ரகசியமாச்சே" என்று இழுத்தான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உலை மூட்டப் போகிறவர் யார்? இரண்டு மாதத்தில் ஒரு காலேஜ் வாத்தியார் தன் மாணவர்களுக்காக அதற்கு லிங்க் கொடுத்தார். கோயில் யாத்திரை பற்றி எழுதும் ஒருவர் கொடுத்தார். முந்நூறு போன இடத்தில் இரண்டு. மீன் தொட்டி இல்லாத இரண்டு.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் இலவசம்தான். கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இவன் மூன்று இடத்தில் மூன்று நம்பர் போட்டிருந்தான். ஒன்று, காலமான அவன் அப்பாவுடையது.

மேப்பில் ஏறியதும் வந்தது வினை. கோயமுத்தூர் அம்மா ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினார்: 'தட்டு ஆடுகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.'

மச்சினனுக்கு முகம் சிவந்துவிட்டது. பதிலாக அவன் எழுதி வைத்திருந்ததை இங்கே அச்சிட முடியாது. கம்பெனிக்காரர் வேறு, மூக்கில் வியர்த்த மாதிரி அன்றைக்கே கூப்பிட்டு, ஐம்பது ஐந்து நட்சத்திரங்களுக்கு ரேட் சொன்னார். நட்சத்திரத்தை எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள்!

வாங்கினால் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. லண்டனில் டல்விச் என்ற இடத்தில் ஒருவர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையையே ஓட்டல் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, சிநேகிதர்களை விட்டுப் பொய் ரிவ்யூ எழுத வைத்தார். 2017 நவம்பரில் லண்டனில் இருக்கும் 18,000 சொச்சம் ஓட்டல்களில் அதுதான் நம்பர் ஒன். டேபிள் கேட்டு ஜனங்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள்! அவருக்கு அது விளையாட்டு. மச்சினனுக்கு அப்படியில்லை, விளக்கு நிஜமாகப் போய்ச் சேர வேண்டும், தட்டு நிஜமாக நிற்க வேண்டும். நம் நாட்டிலும் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரவிதி கொண்டு வந்தது. காசு கொடுத்து எழுதி வாங்கிய ரிவ்யூவைப் போடக் கூடாது என்கிறது அது.

"திட்டினா திட்டட்டும், பேர் அடிபடுதில்ல?" என்றான் மச்சினன் விரக்தியாக. அதையும் ஒரு ஆள் செய்து பார்த்திருக்கிறார். நியூயார்க்கில் மூக்குக் கண்ணாடி விற்றவர். வாடிக்கையாளர்களை மிரட்டுவார், அவர்கள் புகார் எழுத எழுத லிங்க் கூடுகிறது, ரேங்க் ஏறுகிறது என்று 2010-ல் பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தார். சில நாட்களில் கூகுள் கணக்கை மாற்றியது. அவருக்கு 2012-ல் நாலு வருஷம் ஜெயில்.

கடைசியில் நான்கு வரி எழுதினோம். 'அம்மா, தட்டின் மரை சரியாக உட்காரவில்லை என்று போட்டோவில் தெரிகிறது. வேறு தட்டு நாளை எங்கள் செலவில் அனுப்புகிறோம். போன் எடுக்காததற்கு மன்னிக்கவும். இந்த நம்பரில் காலை 9 முதல் கிடைப்போம்.' இது அந்த அம்மாவுக்கு மட்டும் எழுதியதில்லை. விளக்கு வாங்கலாமா என்று யோசித்தபடி அந்த ஒற்றை நட்சத்திரத்தைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். ஐந்து நட்சத்திரத்தை யார் படிக்கிறார்கள்? அப்படிப்பட்டவர்களுக்காகவும் எழுதியது.

தையில் நேரடி ஆர்டர் பதினொன்று வந்தது. மொத்த வியாபாரி இன்னும் மொத்த வியாபாரிதான். ஊர்ப் பெயரோடு தேடினால் சில நாள் முதல் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரி, சில நாள் இரண்டாம் பக்கம். இதற்குள் கூகுள் 2024-லிருந்து தேடினவுடன் தானே ஒரு பதிலை எழுதி மேலே காட்ட ஆரம்பித்துவிட்டது. "இதுல எப்படி அத்தான் இடம் பிடிக்கிறது?" என்கிறான். அதுவும் இந்தப் பக்கங்களைப் படித்துத்தான் எழுதுகிறது என்றேன். அதற்கும் ஒரு முப்பது நாள் கேரண்டி பேக்கேஜ் வந்துவிட்டது. போன வாரம்தான் ஆபீஸுக்கு போன் வந்தது.

கோயமுத்தூர் அம்மாவுக்குப் புதுத் தட்டு போய்ச் சேர்ந்தது. ஒரு நட்சத்திரத்தை நாலாக மாற்றிவிட்டு, கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: 'விளக்கு இப்போது ஆடவில்லை. போன் மட்டும் பத்து மணிக்கு மேல்தான் எடுக்கிறார்.'